தேங்காய் துருவி இல்லை, தோட்டா மிஷின்

போகிக்கு முதல் நாள் பரண் ஏறுகிற வேலை எங்கள் வீட்டில் எப்பவும் எனக்குத்தான். பி.காம் படித்தால் என்ன, நாளைக்கே ஆடிட்டர் ஆனால் என்ன, வீட்டில் ஒல்லியாக இருக்கிறவன் தலையில்தான் அது விடியும். போன பொங்கலுக்கும் ஏறினேன். ஓட்டை விழுந்த ஸ்டவ், தாத்தாவின் ட்ரங்குப் பெட்டி, சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போட்ட ரசீதுகள் ஒரு கட்டு, அதற்குப் பின்னால் பழைய வேட்டியில் சுற்றிச் சணல் கயிறு போட்டுக் கட்டின ஏதோ ஒன்று. தூக்கினால் நல்ல கனம்.

திண்ணையில் வைத்துப் பிரித்தேன். கீழே மேசை விளிம்பில் மாட்டித் திருகுகிற பிடி. பக்கத்தில் மரக்குமிழ் வைத்த கைப்பிடி, சுற்றுவதற்கு. நடுவில் பித்தளையில் தொட்டில் மாதிரி ஒரு பள்ளம். பின்னால் இன்னொரு சின்ன நெம்புகோல். பார்த்ததும் தேங்காய் துருவி என்றுதான் நினைத்தேன். துருவி என்றால் பல் எங்கே என்று அதன் வாயை விரலால் தடவிக்கொண்டிருந்தபோது அப்பாயி வந்துச்சு.

"அத ஏன்டா எறக்குன? ஒந்தாத்தாவோட தோட்டா மிஷினு அது."

கதைக்குள் போவதற்கு முன் ஊரைச் சொல்லிவிடுகிறேன். எறையூர் என்றால் பலர் உளுந்தூர்பேட்டைப் பக்கம் இருக்கிற எறையூரா என்று கேட்கிறார்கள். அது வேறு. இது பெரம்பலூர் மாவட்டத்து எறையூர், சர்க்கரை ஆலை எறையூர். கொஞ்ச தூரத்தில் ரஞ்சன்குடிக் கோட்டை. 1751-ல் வாலிகண்டபுரத்தில் இங்கிலீஷ்காரனும் பிரெஞ்சுக்காரனும் ஆளுக்கொரு நவாப்பைப் பிடித்துக்கொண்டு மோதினார்களே, அந்த ஏரியா. அதற்கப்புறம் எங்கள் பக்கம் வெடிச் சத்தம் என்றால் தீபாவளிக்கும் கல்குவாரிக்கும்தான்.

தாத்தாவிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று லைசென்சோடு இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கு. கரும்பிலோ சோளத்திலோ பன்றி இறங்கினால் விரட்ட. எனக்கு நினைவு தெரிந்து அவர் அதைச் சுட்டதே இல்லை. தேர்தல் வந்தால் மட்டும் அது வெளியே வரும். தேதி அறிவித்துவிட்டால் லைசென்ஸ்காரர்கள் துப்பாக்கியைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும், முடிந்ததும் போய்த் திருப்பி வாங்க வேண்டும். 2011 சட்டமன்றத் தேர்தலுக்கு டிவிஎஸ் எக்ஸெல்லில் தாத்தா ஓட்ட, பின்னால் கோணியில் சுற்றின அந்த நீளச் சுருளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனது நான்தான். ஏழு வயசு. ஊரே என்னைப் பார்க்கிறது என்று நினைப்பு. 2015-ல் தாத்தா போன பிறகு, "எனக்கு எதுக்கு அந்த வம்பு" என்று அப்பா துப்பாக்கியை ஒரேயடியாக ஒப்படைத்துவிட்டார். இந்த மிஷினை யாரும் நினைக்கவே இல்லை. அது பரணில் தேங்காய் துருவி வேஷத்தில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அது பன்னிரண்டு போர் துப்பாக்கி. பன்னிரண்டு மில்லிமீட்டர் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். இல்லையாம். ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமாகப் பன்னிரண்டு உருண்டை பிடித்தால் ஒரு உருண்டை என்ன பருமனோ, அதுதான் குழாயின் உள் அகலம். அதனால் நம்பர் ஏற ஏறக் குழாய் சிறுக்கும். இருபது போர் பன்னிரண்டை விட ஒல்லி. எங்கள் காஸ்டிங் சார் கேட்டால் சந்தோஷப்படுவார், அளவையே எடைக்கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

இப்போது வரும் தோட்டா பிளாஸ்டிக். அந்தக் காலத்தில் காகிதம். அடியில் பித்தளைத் தொப்பி, அதன் நடுவில் தட்டினால் பொறி விடுகிற கேப்பு, மேலே மெழுகு ஏற்றின காகிதக் குழல். உள்ளே மருந்து, அதற்கு மேல் அட்டை வில்லை, கம்பளி வில்லை, அப்புறம் ரவை, கடைசியில் மூடி மாதிரி இன்னொரு அட்டை வில்லை. இத்தனையும் பாக்கெட்டில் கொட்டாமல் இருக்க வேண்டுமானால் காகிதத்தின் வாய் உள்பக்கமாகச் சுருண்டு மடிந்திருக்க வேண்டும். சுட்ட பிறகு ரவை போய்விடும், உறை மிஞ்சும். அதைத் தூக்கிப் போடாமல் பழைய கேப்பைத் தட்டி எடுத்துப் புதுசு வைத்து மறுபடி அடைத்தால் மறுபடி தோட்டா. இந்த வேலையின் கடைசிப் படி, வாயை மடிப்பது. அதற்குத்தான் இந்த மிஷின்.

வேலை செய்கிற விதம் அழகு. தோட்டாவைப் பித்தளைத் தொட்டிலில் படுக்க வைக்க வேண்டும். வலது கை கைப்பிடியைச் சுற்ற, எதிரே உள்பக்கம் குழிந்த ஒரு சின்னத் தலை சுழலும். இடது கை நெம்புகோலை மெதுவாகத் தள்ள, தோட்டாவின் வாய் போய் அந்தத் தலைக்குள் அழுந்தும். உரசலில் காகிதம் இளகி, அப்பளம் எண்ணெயில் விளிம்பு சுருட்டுமே, அது மாதிரி உள்ளே சுருண்டுகொள்ளும். மொத்தம் நாலைந்து சுற்று. இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து ஜேம்ஸ் டிக்சன் அண்ட் சன்ஸ், ஜி. அண்ட் ஜே.டபிள்யூ. ஹாக்ஸ்லி போன்ற கம்பெனிகள் இந்தச் சாமான்களுக்குப் பேர் போனவை. எங்களுடையதில் கம்பெனிப் பெயர் தேய்ந்து ஷெஃபீல்டு மட்டும்தான் மிச்சம்.

ஷெஃபீல்டு எப்படி எறையூருக்கு வந்தது? பொன்மலை வழியாக. பொன்மலை ரயில்வே காலனியில் இருந்த ஆங்கிலோ இந்தியன் ஒருத்தர் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கிளம்பும்போது வீட்டுச் சாமானையெல்லாம் விற்றிருக்கிறார். தாத்தா போய்த் துப்பாக்கியைப் பேசினார், மிஷின் கொசுறு. அப்பாயி கணக்கில் அது பெரியத்தை பிறந்த வருஷம், அதாவது 1964.

சரி, கிடைத்ததை மாட்டிப் பார்க்காமல் விட முடியுமா? மூன்று நாள் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். திருகு மரை எல்லாம் துரு ஏறி இறுகியிருந்தது. பித்தளைக்குப் புளி. அப்பாயியின் குத்துவிளக்குப் பங்கில் கை வைத்ததற்குத் திட்டு தனி. கைப்பிடி அச்சில் ஒரு ஆணி ஒடிந்திருந்ததைப் பட்டறையில் கடைந்து வாங்கினேன். என்ன மிஷின் என்று அவர் கேட்க, முறுக்கு மிஷின் என்று சொல்லிவிட்டேன். கடைசியில் என் படிக்கிற மேசை ஓரத்தில், கால்குலேட்டருக்கும் கம்பெனி அக்கவுண்ட்ஸ் புத்தகத்துக்கும் நடுவில், அது ஜம்மென்று உட்கார்ந்தது.

தோட்டா ஏது? பழைய காலண்டர் தாளைக் குழாய்த் துண்டில் சுற்றி, மைதாப் பசை தடவிக் காயவைத்துக் குழல் செய்தேன். அடியில் அட்டை. உள்ளே மருந்துக்குப் பதில் பொட்டுக்கடலை, ரவைக்குப் பதில் வெல்லத் துண்டு. மேலே அட்டை வில்லை வைத்துத் தொட்டிலில் படுக்கவைத்துச் சுற்றினேன். முதல் இரண்டு கிழிந்தது. மூன்றாவது, சாமி சத்தியமாக, கடையில் வாங்கின மாதிரி மடிந்தது. முருகர் படத்தில் மயில் கழுத்துப் பக்கமாகச் சுருண்ட அந்தக் குழலை அப்பாயி கையில் கொடுத்தேன். அது திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, வாயைப் பிரித்துப் பொட்டுக்கடலையைத் தின்றுவிட்டு, "ஒந்தாத்தா இம்புட்டு நேரம் எடுக்க மாட்டாரு" என்றது.

அன்றைக்குப் பிடித்தது பைத்தியம்.

இது எங்கள் வீட்டு அதிசயம் என்று நினைத்திருந்தேன். அமெரிக்காவில் இது ஒரு உலகம். வீட்டுக் கார் ஷெட்டில் கனமான மேசை போட்டு, அதில் வரிசையாகப் பழைய பிரஸ்களை போல்ட் போட்டு முடுக்கி, துரு நீக்கிப் பெயிண்ட் அடித்து, எது எந்த வருஷத்து மாடல் என்று மணிக்கணக்காகப் பேசுகிறார்கள். நான் ராத்திரி இரண்டு மணி வரை உட்கார்ந்து அந்த வீடியோக்களைப் பார்த்தேன். செமஸ்டர் மார்க்கில் அது தெரியும், கேட்காதீர்கள்.

அவர்கள் பரம்பரை 1884-ல் தொடங்குகிறது. கனெக்டிகட்டில் நியூ ஹேவன் ஊரில் ஜான் பார்லோ என்பவர் ஐடியல் என்ற பெயரில் ஒரு இடுக்கி செய்து விற்றார். பார்க்க அசல் பாக்குவெட்டி. ஒரு கையில் பிடித்து அழுத்தினால் கேப்பு கழலும், இன்னொரு அழுத்தில் புதுசு ஏறும், இன்னொன்றில் குண்டு உட்காரும். குதிரைச் சேணப் பையில் போட்டுக்கொண்டு போகலாம். 1925-ல் லைமன் கம்பெனி அந்தத் தொழிலை வாங்கி, அந்தப் பாக்குவெட்டியைப் பல காலம் விற்றது.

அப்புறம் மேசையில் பொருத்துகிற பெரிய பிரஸ்கள். இரும்பு வார்ப்பு. கரும்புச் சாறு மிஷினுக்கும் ரப்பர் ஸ்டாம்ப் கடை பிரஸ்ஸுக்கும் பிறந்த குழந்தை மாதிரி இருக்கும். நீளக் கைப்பிடியை இறக்கினால் கீழே இருந்து ஒரு தண்டு தோட்டா உறையைத் தூக்கிக்கொண்டு போய் மேலே இருக்கிற அச்சுக்குள் நுழைக்கும். சுட்ட அழுத்தத்தில் உப்பிப் போன பித்தளை மறுபடி ஒழுங்கான அளவுக்கு இறுகி வெளியே வரும். இதில் எனக்குப் பிடித்த கதை ஃப்ரெட் ஹண்டிங்டனுடையது. கலிஃபோர்னியாவில் ஓரோவில் ஊர். 1943. யுத்த காலம், நல்ல குண்டு கடையில் கிடைப்பது கஷ்டம். அவர் குடும்பத்துச் சலவைக் கடையின் பின்பக்கத்தில் உட்கார்ந்து, சுட்டுப் போட்ட சின்னத் தோட்டா உறைகளையே குண்டுக்கு மேலுறையாக அழுத்தி எடுக்க அச்சு செய்தார். ராக் சக் என்பது அங்கே வயலைத் தோண்டுகிற ஒரு பெருச்சாளி வகையறா. அதைச் சுடுகிற குண்டுக்கான அச்சு என்பதால் ராக் சக் புல்லட் ஸ்வேஜ். அதுதான் சுருங்கி ஆர்.சி.பி.எஸ். இன்றைக்கும் பச்சை பெயிண்டில் வருகிறது. லீயும் ஹார்னடியும் சிவப்பு, டில்லன் நீலம். பச்சைக்காரன் சிவப்புக்காரனைத் திட்டுகிறதைப் பார்த்தால் நம்ம ஊர்க் கட்சிக் கொடி தோற்றது.

இன்னொரு வேடிக்கையும் சொல்லியே ஆக வேண்டும். கேப்பு வைக்கிற விதத்தில் உலகத்தில் இரண்டு கட்சி. இரண்டுக்கும் பேட்டன்ட் வருஷம் 1866. ஒன்றைக் கண்டுபிடித்தவர் பாக்ஸர், இங்கிலீஷ்காரர். இன்னொன்றைக் கண்டுபிடித்தவர் பெர்டான், அமெரிக்கர். பாக்ஸர் உறையில் அடியில் நட்டநடுவே ஒரே துளை. பிரஸ்ஸில் இருக்கிற ஊசி நேராக இறங்கிப் பழைய கேப்பைத் தள்ளிவிடும். பெர்டான் உறையில் நடுவே ஒரு மேடு, இரண்டு பக்கமும் இரண்டு சின்னத் துளை. ஊசி இறங்காது. அதனால் வீட்டில் மறுபடி அடைக்கிற அமெரிக்கன் எல்லாரும் இங்கிலீஷ்காரன் முறையைப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்கன் முறை ஐரோப்பாவுக்குப் போய்விட்டது. அவனவன் வீட்டுச் சரக்கு அவனவனுக்கு ஆகவில்லை.

லாபமா இது? பி.காம் புத்தி, கணக்கு போடாமல் விடுமா? உறை செலவு பூஜ்யம் என்று வைத்தால் ஒரு தோட்டாவின் மாறும் செலவு கண்டிப்பாகக் குறையும். ஆனால் மிஷின் விலை, தேய்மானம், மேசை, ராத்திரி தூக்கம் எல்லாம் சேர்த்தால் சமநிலைப் புள்ளி ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஊர்க்காரர்களே ஒத்துக்கொள்கிறார்கள், காசு மிச்சமாகாது, அதே காசுக்கு அதிகம் சுடலாம், அவ்வளவுதான் என்று. தாத்தாவுக்கு வேறு கணக்கு. லைசென்சில் வருஷத்துக்கு இத்தனை தோட்டா என்று எழுதியிருக்கும். வாங்கத் திருச்சி போக வேண்டும். போக வர ஒரு நாள். ஐப்பசி மழையில் காகிதத் தோட்டா ஈரம் குடித்து ஊதினால் குழாய்க்குள்ளேயே போகாது, வாங்கினது வீண்.

இதையெல்லாம் தின்று தீர்த்த பிறகு எனக்கும் ஒரு ஆசை வந்தது. ஒரு பழைய வார்ப்பிரும்பு பிரஸ், ஒன்றே ஒன்று, வாங்கி இந்தத் தேங்காய் துருவிக்குப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். சுடப்போவதில்லை, அடைக்கப்போவதில்லை. கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்க. கப்பல் கூலி மிஷின் விலையை விடக் கூட வந்தது. அதையும் தேற்றிவிடலாம் என்று நண்பனிடம் கடன் கேட்டேன். அவன் வணிகச் சட்டத்தில் என்னைவிட நல்ல மார்க். "மச்சி, காசு தர்றேன். ஆயுதச் சட்டத்தை ஒரு தடவை படிச்சுட்டு வந்து கேளு" என்றான்.

படித்தேன். ஆயுதச் சட்டம், 1959. இரண்டாவது பிரிவிலேயே வார்த்தைகளுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். அதில் தோட்டா, வெடிபொருள் வகையறாவுக்கான சொல்லுக்குக் கீழே ராக்கெட், வெடிகுண்டு, கையெறி குண்டு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்து, ஆறாவதாக ஒரு வரி. தோட்டாவின் பாகங்களும், தோட்டா தயாரிக்கும் இயந்திரங்களும்.

மூன்று தடவை படித்தேன். இயந்திரமே தோட்டா. மருந்து வேண்டாம், ரவை வேண்டாம், ஒரு சொட்டுக் கந்தக வாசனை வேண்டாம். என் மேசையில் கால்குலேட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற அந்த இரும்பும் பித்தளையும் சட்டத்தின் கண்ணில் கையெறி குண்டோடு ஒரே பட்டியலில் நிற்கிறது. லைசென்ஸ் இல்லாமல் தயாரித்தால் என்ன என்று 25-வது பிரிவைப் பார்த்தேன். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஏழு வருஷத்துக்குக் குறையாமல், ஆயுள் வரைக்கும். அன்று ராத்திரி நான் வீடியோ பார்க்கவில்லை. மிஷினைக் கழற்றி வேட்டியில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் படுத்தேன். கட்டிலுக்கு அடியில் தள்ளினால் சட்டம் மாறிவிடுமா என்று கேட்காதீர்கள். அப்போது அதுதான் தோன்றியது.

விடிந்ததும் மறுபடி புரட்டினதில் 45-வது பிரிவு கொஞ்சம் மூச்சு விட வைத்தது. துணைப் பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணம் இல்லாத சில்லறைப் பாகங்களை வைத்திருந்தால் இந்தச் சட்டம் பொருந்தாது என்கிறது. அப்படியானால் வாய் மடிக்கிற மிஷின் சில்லறைப் பாகமா, முழு இயந்திரமா? தெரிந்த வக்கீல் ஒருத்தரிடம் போனேன். அவர் போட்டோவைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "இதுல தேங்காய் எங்க வைப்பாங்க?"

சொன்ன பிறகு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். வாதாடினால் ஜெயிக்கலாம், ஆனால் வாதாடுகிற நிலைமைக்கு ஏன் போகணும், தாத்தா லைசென்ஸ் நகல் தேடி எடு, கலெக்டருக்கு ஒரு மனு எழுது, அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கத் தயார் என்றும் போடு என்றார்.

லைசென்ஸ் நகலைத் தேடத்தான் அப்பாயியிடம் ட்ரங்குப் பெட்டிச் சாவி கேட்டேன். எதற்கு என்று கேட்டது. போலீஸ் கேஸ் ஆகும் என்று பயமாக இருக்கிறது என்றேன். அப்பாயி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ஒனக்கு என்ன கேஸு வரும்? அப்பவே வரல. அவந்தான போனான்" என்றது.

எவன் போனான்?

எங்கள் ஊரில் நரிக்குறவர் குடியிருப்பு இருக்கிறது. அங்கே இருந்து ஒருத்தர் தாத்தாவிடம் வந்து போவார். அவரிடம் வாய் வழியாக அடைக்கிற நாட்டுத் துப்பாக்கி. கவுதாரியோ காடையோ அடித்தால் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார். தாத்தா தன் லைசென்சில் வாங்கின மருந்தில் ஒரு டப்பியும் ரவையில் ஒரு பொட்டலமும் கொடுப்பார். இது வருஷக்கணக்காக நடந்திருக்கிறது. 1972-லேயே வனவிலங்குச் சட்டம் வந்துவிட்டது. பேருக்கு இருந்த வேட்டை அனுமதியும் 1991 திருத்தத்தோடு போய்விட்டது. எங்கள் வீட்டுக் குழம்புச் சட்டிக்கு அது எதுவும் எட்டவில்லை. எம்.ஜி.ஆர். கடைசியாக ஆட்சியில் இருந்த சமயம், பெரியத்தைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த வருஷம், அவரைப் பிடித்துவிட்டார்கள். துப்பாக்கி அவருடையது, சரி. பையில் இருந்த ரவை கடைச் சரக்கு. எங்கே வாங்கினாய் என்று கேட்டிருக்கிறார்கள். கீழே கிடந்தது என்றே கடைசி வரை சொல்லியிருக்கிறார். நாற்பது நாள் உள்ளே இருந்தார்.

"தாத்தா போய்ச் சொல்லலயா?"

"என்னன்னு சொல்லுவாரு? சொன்னா லைசென்சு போயிரும். மாப்ள வீட்டுக்காரங்க வந்துபோற நேரம் வேற. ஒரு மூட்டை அரிசி குடுத்தனுப்புனாரு."

அப்பாயி இதைக் கோபமாகவும் சொல்லவில்லை, வருத்தமாகவும் சொல்லவில்லை. பால் கணக்கு சொல்கிற மாதிரி சொல்லிச்சு. எனக்குத்தான் அந்த ட்ரங்குப் பெட்டியைத் திறக்கக் கை வரவில்லை. டிவிஎஸ் எக்ஸெல்லில் கோணிச் சுருளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனபோது ஸ்டேஷனில் தாத்தாவுக்கு நாற்காலி போட்டார்கள், எனக்கு ஒரு சாக்லேட் கொடுத்தார்கள். அதே வேலைதான். குழாயில் மருந்து, ரவை, அடைப்பு. ஒருத்தர் ஷெஃபீல்டு மிஷின் வைத்து மேசையில் செய்தார், ஒருத்தர் மிஷினே இல்லாமல் கம்பியால் குத்திக் குழாய்க்குள்ளேயே செய்தார். ஒருத்தருக்கு ரசீது. ஒருத்தருக்கு, 'நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தவர் கைது' என்று பேப்பரில் மூலையில் நாலு வரி வரும் பாருங்கள், அது.

அவர் இருக்கிறாரா என்று கேட்டேன். பிளஸ் டூ வரை என்னோடு படித்த பையன் ஒருத்தன் அந்தக் குடியிருப்பு. இப்போது திருப்பூரில் வேலை. போன் போட்டேன். "எங்க சின்னத் தாத்தாடா அது. இருக்காரு, போய்ப் பாரு" என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மிஷினைப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன். சட்டம் படித்த பிறகு அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தது, சொன்னால் சிரிப்பீர்கள், வேர்த்துவிட்டது. ஏன் எடுத்துப் போனேன் என்று எனக்கே சரியாகத் தெரியாது. வெறுங்கையோடு போக முடியவில்லை.

வேப்ப மரத்தடியில் கட்டிலில் உட்கார்ந்து பாசி கோத்துக்கொண்டிருந்தார். எண்பது இருக்கும். பார்வை நன்றாக இருக்கிறது, ஊசியில் நூல் நுழைக்கிறார். பக்கத்தில் பேத்தி, மூன்றாவது படிக்கிறதாம். இன்னார் பேரன் என்றேன். அப்படியா என்று கட்டிலில் இடம் ஒதுக்கினார். என்ன கூப்பிடுவது என்று ஒரு நிமிஷம் தடுமாறினேன். அப்பாயி அவரை 'அவன்' என்றே சொல்லிப் பழக்கப்படுத்தியிருந்தது. தாத்தா என்றே கூப்பிட்டேன்.

பையைப் பிரித்ததும் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. "அட, மடிக்கிற மிஷினு" என்று கைப்பிடியைச் சுற்றிப் பார்த்தார். புளி போட்டுத் தேய்த்தாயா என்று கேட்டார். எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தாத்தா மடிப்பதைப் பார்த்திருக்கிறாராம். "ஒங்க தாத்தா ஒண்ணு மடிக்கிறதுக்குள்ள நான் ரெண்டு தடவ அடைச்சு சுட்டுருவேன்" என்று சிரித்தார். பேத்திக்காகக் காலண்டர் தாள் குழல் ஒன்று கொண்டுபோயிருந்தேன். கட்டில் சட்டத்தில் மிஷினை மாட்டி, பொட்டுக்கடலை போட்டு, அவரே மடித்தார். முதல் தடவையிலேயே சரியாக வந்தது. எனக்கு மூன்று ஆச்சு.

நாற்பது நாள் விஷயத்தை நான்தான் எடுத்தேன். எப்படியோ உளறிக்கொட்டினேன். மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல வந்து அதுவும் சரியாக வரவில்லை. அவர் பாசியை எடுத்து மறுபடி கோக்க ஆரம்பித்தார்.

"அரிசி வந்துச்சு. ஒரு மூட்ட. நல்ல அரிசி."

கொஞ்ச நேரம் கழித்து, "எங்க வீட்டுக்காரிதான் பெருமாளுக்குத் துணி மாத்த மாட்டேன்னு வீம்பா இருந்துச்சாம், நான் வர்ற வரைக்கும்" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பேச்சு வேறு பக்கம் போனது. 2023 தொடக்கத்தில் நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்த்துச் சட்டம் வந்தது. அந்தச் சர்ட்டிபிகேட்டுக்குப் பேத்தி பெயரில் எழுதிப் போட்ட காகிதங்களை எடுத்துவரச் சொல்லி, ஆங்கிலத்தில் இருந்த ஒரு வரியைப் படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். பெயரில் ஒரு எழுத்து தப்பாக இருந்தது. பென்சிலால் வட்டம் போட்டுக் கொடுத்தேன்.

கிளம்பும்போது மிஷினை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். உள்ளுக்குள் அது எனக்குப் பெரிய தியாகம் மாதிரி இருந்தது, மறைக்க என்ன இருக்கிறது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"வேணாம் தம்பி. ஒங்க வீட்டுல இருந்தா அது சாமான். எங்க வீட்டுல இருந்தா அது கேஸு."

அவரே வேட்டியில் சுற்றி, சணலை இரண்டு முடிச்சு போட்டுக் கட்டி, பையில் வைத்துக் கொடுத்தார்.

அமெரிக்கப் பிரஸ் வாங்குகிற ஆசையை விட்டுவிட்டேன். நண்பனுக்கு ஒரு கடன் மிச்சம். ட்ரங்குப் பெட்டியில் லைசென்ஸ் புத்தகம் கிடைத்தது. தாத்தாவின் போட்டோ ஒட்டி, பக்கத்துக்குப் பக்கம் புதுப்பித்த சீல். தோட்டா வாங்கின கணக்கை வரிசையாக எழுதியிருக்கிறது. கொடுத்த கணக்குக்கு அதில் பத்தி இல்லை.

நேற்று ராத்திரி மனு எழுத உட்கார்ந்தேன். அனுப்புநர், பெறுநர், ஐயா வரைக்கும் சரளமாக வந்தது. 'பொருள்:' என்று போட்டுவிட்டு அரை மணி நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் என்று எழுதினால் சட்டத்தின் ஆறாவது வரி. பாகம் என்று எழுதினாலும் அதே வரி. பழைய சாமான் என்று எழுதினால் வேப்ப மரத்தடி ஞாபகம் வருகிறது. பொருள் என்ன போடுவது என்று சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல.

"தேங்கா துருவின்னு போட்டுட்டு வந்து படுடா. மணி பன்னெண்டு ஆவுது" என்றது அப்பாயி, உள்ளே இருந்து.